தாத்தா விட்டுச் சென்ற லேத்து

ஆலையில் பிட்டராக இருந்த தாத்தா விட்டுச் சென்ற லேத்து, அதாவது இரும்பு கடையும் இயந்திரம், சில வீடுகளின் பின்கட்டில் துருவேறிக் கிடக்கிறது. எடைக்குப் போடுமுன் சற்றுப் பொறுப்போம்.

இங்கிலாந்தில் 1946இல் அறிமுகமான மைஃபோர்டு எம்.எல்.7 ரகத்தையே எடுத்துக்கொள்வோம். நாம் செய்யும் முதல் தவறு, உடனே சுவிட்சைத் தட்டுவதுதான். அதன் சுழல்தண்டு மென்மையான உலோக பேரிங்குகளில் அமர்ந்திருக்கிறது. எண்ணெய் வற்றிய நிலையில் ஓட்டினால் அவை தேய்ந்துவிடும்.

ஆகவே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அழுக்கைத் துடைப்போம். அருகில் நெருப்பு ஆகாது. வெட்டும் கருவி நகரும் தளத்தை உப்புத்தாளால் தேய்த்தால் அதன் மட்டம் கெடும். எண்ணெய்த் துளைகளில் கிரீஸை அடைக்காமல் இயந்திர எண்ணெயையே விடுவோம். பிறகு பெல்ட்டைக் கையால் இழுத்துச் சுழற்றிப் பார்ப்போம். இறுகினால் நிறுத்திக் காரணம் தேடுவோம்.

பழைய மின்கம்பியின் ரப்பர் உறை உதிர்ந்திருக்கக்கூடும். எர்த் கம்பியுடன் புதுக்கம்பி போடுவது உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை. நாம் கை வைக்கலாகாது.

ஓட்டுமுன் ஒரு சொல்: சக்கின் சாவியைக் கழற்றிய பிறகே சுவிட்சைத் தொடவேண்டும். மறந்தால் சாவி தெறித்து முகத்தில் அடிக்கும். கண்ணாடி அணிவோம், கையுறையும் தொங்கும் உடையும் வேண்டா.

எடைக்குப் போட்டால் ஒருநாள் காசு. ஓட்டப் பழகினால் பிள்ளைக்கு ஒரு தொழில்.