நல்ல மனசு இருக்கு... நிதி ஏன் கிடைக்கலை? சின்ன டிரஸ்ட்கள் விண்ணப்பத்தில் கோட்டை விடும் இடங்கள்!

மாலை நேர டியூஷன், முதியோருக்கு மதிய உணவு, ஏரி தூர்வாரும் வேலை... நம் ஊர்கள் பலவற்றில் இப்படி ஏதாவது ஒன்றைச் செய்யும் சின்ன டிரஸ்ட் ஒன்று இருக்கிறது. நான்கைந்து பேர் சேர்ந்து சொந்தக் காசைப் போட்டுத் தொடங்கியிருப்பார்கள். முதல் இரண்டு வருடங்கள் எப்படியோ ஓடிவிடும். அதன்பிறகுதான், 'எங்கேயாவது நிதி கேட்டுப் பார்க்கலாமே' என்ற பேச்சு வரும்.

கேட்டும் பதில் வராதபோது, 'சிபாரிசு இருந்தால்தான் கிடைக்கும்' என்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. ஆனால், சிபாரிசு வரை போகாமலே, காகிதத்திலும் கணக்கிலும் நின்றுபோகும் விண்ணப்பங்களும் உண்டு. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பட்ஜெட்டில் எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிடும் செலவுகள், நிதி கிடைத்த பிறகும் ஓர் அமைப்பைக் கவிழ்த்துவிடும். இரண்டையும் பார்ப்போம்.

யாரிடம் கேட்பது?

ஓர் ஊரைச் சேர்ந்த பலர் கொடுக்கும் பணத்தை ஒரே இடத்தில் சேர்த்து, அந்த ஊரின் தேவைகளுக்கே பிரித்துக் கொடுக்கும் அமைப்புக்கு 'கம்யூனிட்டி ஃபவுண்டேஷன்' என்று பெயர். 1914-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் ஃபிரடெரிக் காஃப் என்ற வங்கியாளர் இதைத் தொடங்கிவைத்தார். மும்பையில் 1991-ல் 'பாம்பே கம்யூனிட்டி பப்ளிக் டிரஸ்ட்' உருவானது.

நம் பக்கத்தில் இந்த வகை அமைப்புகள் குறைவு. இங்கே ஒரு சின்ன டிரஸ்ட் தட்டக்கூடிய கதவுகள், கம்பெனிகளின் சி.எஸ்.ஆர் நிதி, தொழில் குடும்பங்களின் அறக்கட்டளைகள், ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்கள், பழைய மாணவர்கள் ஆகியோர்தான்.

இதில் பெரியது சி.எஸ்.ஆர். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கம்பெனி இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

எனவே, ஒரே கடிதத்தை 50 கம்பெனிகளுக்கு மெயில் அனுப்புவதில் பயன் குறைவு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வைத்திருப்பவர்கள் யார் என்று பட்டியல் போடுங்கள். வெப்சைட் வைத்திருக்கும் கம்பெனிகள் தங்கள் சி.எஸ்.ஆர் கொள்கையையும், போர்டு ஒப்புதல் தந்த திட்டங்களையும் அதில் வெளியிட வேண்டும் என்பது விதி. கல்விக்கு மட்டும் கொடுக்கும் கம்பெனியிடம் ஏரிக்குப் பணம் கேட்டு மூன்று மாதம் காத்திருக்கும் அலைச்சல் இதைப் படித்தாலே மிச்சமாகும்.

நேரமும் முக்கியம். கம்பெனிகளின் நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு செயல்திட்டம் போட்டு போர்டிடம் ஒப்புதல் வாங்குவார்கள். அடுத்த ஜூனில் பணம் வேண்டும் என்றால், டிசம்பர், ஜனவரியிலேயே பேச்சைத் தொடங்கிவிடுவது நல்லது.

முதல் வாசல், காகிதம்

டிரஸ்ட் பதிவு மட்டும் போதாது. வருமான வரித் துறையின் 12ஏ பதிவும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி ஒப்புதலும் வேண்டும். புதிய அமைப்புகளுக்கு முதலில் மூன்று ஆண்டுகளுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதை மறந்து கெடுவைத் தவறவிட்டால் சிக்கல்தான். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. எந்தப் படிவம் என்பதை ஆடிட்டரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சி.எஸ்.ஆர் நிதி வாங்கக் கூடுதலாக 'சி.எஸ்.ஆர்-1' படிவத்தைத் தாக்கல் செய்து பதிவு எண் பெற வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். அதோடு, ஒரு கம்பெனி தானே தொடங்காத வெளி அமைப்பு என்றால், அதே மாதிரியான பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். போன வருடம் தொடங்கிய டிரஸ்ட்டுக்குப் பெரிய கம்பெனி 'இல்லை' என்று சொன்னால், அதற்கு இந்த விதியே காரணமாக இருக்கலாம். அந்த மூன்று ஆண்டுகளை உள்ளூர் நன்கொடைகளை வைத்து ஓட்டி, ஒவ்வோர் ஆண்டும் கணக்கைத் தணிக்கை செய்து வைப்பதுதான் வழி. நித்தி ஆயோக்கின் 'என்.ஜி.ஓ தர்பன்' தளத்திலும் பதிந்துவையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ பதிவு கட்டாயம். முன்பெல்லாம் பெரிய அமைப்புகள் வெளிநாட்டு நிதியை வாங்கி, கிராமத்துச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. 2020 சட்டத் திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் நம் ஊர்க்காரர் உதவ முன்வந்தால், முதலில் அவருடைய பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதி ஆகாது. அவரே வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், அது வெளிநாட்டு நிதிதான்.

எழுதக் கூச்சப்படும் 80,000 ரூபாய்

இப்போது பட்ஜெட்டுக்கு வருவோம். உதாரணத்துக்கு, 40 குழந்தைகளுக்கு ஜூன் முதல் மார்ச் வரை 10 மாதங்கள் நடக்கும் ஒரு மாலை நேர வகுப்பை எடுத்துக்கொள்வோம்.

* இரண்டு ஆசிரியர்கள், மாதம் தலா 6,000 ரூபாய்: 1,20,000
* சுண்டல், பால் என்று குழந்தைக்கு நாளுக்கு 10 ரூபாய், 200 நாள்கள்: 80,000
* நோட்டு, புத்தகம், குழந்தைக்கு 500 ரூபாய்: 20,000

மொத்தம் 2,20,000 ரூபாய். பலர் இந்த இடத்திலேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். ஆனால், வகுப்பு நடக்கும் அறைக்கு வாடகை 20,000 இருக்கிறது. கரன்ட், குடிநீருக்கு 5,000. வீடு வீடாகப் போய்ப் பேசி, வருகைப் பதிவேடு பார்க்கும் ஒருங்கிணைப்பாளருக்கு 40,000. கணக்கு எழுதவும் ஆடிட்டருக்கும் 15,000. இந்த 80,000 ரூபாயையும் சேர்த்தால்தான் உண்மையான செலவு 3,00,000 ரூபாய்.

'குழந்தைகளுக்குன்னு கேட்டுட்டு, நமக்குச் சம்பளம் எழுதினா என்ன நினைப்பாங்க?' என்ற கூச்சம்தான் அந்த வரிகளை விழுங்கிவிடுகிறது. விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரியாக மாதம் 30,000 ரூபாய் தேவைப்படும் வகுப்புக்கு 2,20,000 ரூபாய் ஏழு மாதங்களும் சில நாள்களும்தான் வரும். ஜூனில் தொடங்கினால், பொங்கலுக்கு முன்பே பணம் தீர்ந்துவிடும். அப்போது ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருக்கும். டிரஸ்ட்டை நடத்துபவர் வீட்டு நகை அடகுக்குப் போகும், இல்லையென்றால் வகுப்பு நிற்கும். இதில் நஷ்டம் அந்த 40 குழந்தைகளுக்குத்தான்.

நிதி தருபவர் வாடகையையும் சம்பளத்தையும் ஏற்க மாட்டேன் என்றால், அது நியாயமான பேச்சுவார்த்தை. 'அப்படியானால் 30 குழந்தைகளுக்கு நடத்துகிறோம்' என்றோ, 'வாடகையை உள்ளூர் வியாபாரிகள் ஏற்றுக்கொள்கிறார்கள்' என்றோ எழுதலாம். மறைத்துவிட்டு வாங்குவதுதான் ஆபத்து. குழந்தை ஒன்றுக்கு மாதம் 750 ரூபாய் என்று தெளிவாகச் சொல்லும் அமைப்புக்குத் தன் வேலையின் விலை தெரிந்திருக்கிறது. கொடுப்பவருக்கும் அதுவே நம்பிக்கை தரும்.

என்ன மாறியது?

'40 குழந்தைகள் பயனடைந்தனர்' என்ற வரி எதையும் சொல்வதில்லை. வந்து உட்கார்ந்ததும் பயன்தானா? ஜூன் மாதம் ஒவ்வொரு குழந்தையையும் எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிக்கச் சொல்லி, எதுவரை வருகிறது எனக் குறித்துவையுங்கள். 'பிரதம்' அமைப்பு 2005 முதல் நடத்திவரும் 'அசர்' ஆய்வில் இந்த எளிய முறைதான் பயன்படுகிறது. மார்ச்சில் திரும்பப் பாருங்கள். 'ஜூனில் பத்தி படிக்க முடியாத 18 பேரில் 12 பேர் இப்போது படிக்கிறார்கள்' என்பது போன்ற ஒரு வரி, பத்துப் பக்க உருக்கத்தைவிட வலுவானது. மீதி ஆறு பேருக்கு ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஆண்டு நிதி கேட்பதற்கான காரணமே அதில்தான் இருக்கும்.

போட்டோ விஷயத்திலும் கவனம் தேவை. கிழிந்த சட்டையோடு அழும் குழந்தையின் படம் விண்ணப்பத்துக்கு வேண்டாம். அந்தக் குழந்தை நாளைக்கு வளர்ந்து அதைப் பார்க்கும். பெற்றோரிடம் அனுமதி கேட்டு, வகுப்பு நடப்பதைக் காட்டும் படங்களைக் கொடுங்கள்.

அனுப்பும் முன் ஒரு முறை பாருங்கள்

* டிரஸ்ட் பத்திரம், பான் கார்டு, 12ஏ, 80ஜி, தர்பன் எண், தேவைப்பட்டால் சி.எஸ்.ஆர்-1 எண்
* மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கும் வருமான வரித் தாக்கலும்
* டிரஸ்ட் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு (தனிநபரின் ஜிபே எண் கூடாது)
* ஒரே பக்கத்தில் பிரச்னை, வேலை, செலவு, எதிர்பார்க்கும் மாற்றம்
* கூட்டிப் பார்த்தால் சரியாக வரும் பட்ஜெட்

'இல்லை' என்று பதில் வந்தால், காரணம் என்ன, எப்போது மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள். 'சரி' என்று வந்தால், முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பில்லையும் தேதிவாரியாக ஃபைலில் போடுங்கள். செலவுக் கணக்கைக் கேட்கும் முன்பே அனுப்பும் டிரஸ்ட்டை, கொடுத்தவர்கள் அடுத்த ஆண்டும் நினைவில் வைத்திருப்பார்கள்.