நீல நம்பர் பிளேட் காரை நிறுத்திய கல்லூரி மாணவி!
அரசியல் படிப்பு படித்தால் என்ன கிடைக்கும்?

சென்னை, மே 24-

ராயப்பேட்டை பக்கம் ஒரு டீக்கடை. போன வாரம் ஒரு நாள் மாலை 5 மணி. ஆபீஸ் விடுகிற நேரம். கடை வாசலில் கிடந்த பெஞ்சு மீது ஒரு கார் மோதியது.

பெஞ்சு இரண்டாக உடைந்தது. பிஸ்கட் பாட்டில்கள் நான்கு நொறுங்கின. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் காசு கொடுக்க எழுந்து போயிருந்தார். அதனால் பிழைத்தார்.

கூட்டம் கூடி விட்டது. போக்குவரத்து ஏட்டு ஓடி வந்தார். வந்தவர் நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் அப்படியே நின்று விட்டார். நீல நிற பிளேட். வெள்ளை எழுத்து. நடுவில் "சி.சி." என்று இருந்தது. வெளிநாட்டுத் தூதரகக் கார்! ஓட்டி வந்தவரும் வெளிநாட்டு அதிகாரிதான்.

"இவங்களை நாம ஒண்ணும் பண்ண முடியாதுய்யா. வழியை விடுங்க" என்றார் ஏட்டு.

டீக்கடைக்காரர் தலையில் கை வைத்துக் கொண்டார். கார் பின்னால் நகர ஆரம்பித்தது.

அப்போது பஸ்சுக்கு நின்ற ஒரு மாணவி முன்னால் வந்தார். தோளில் பை. கையில் டிபன் பாக்ஸ்.

"சார், சி.டி. வேற, சி.சி. வேற. இது கான்சல் ஆபீஸ் கார். வண்டி மோதி நஷ்டம் வந்தா இவங்க மேலயும் வழக்குப் போடலாம். இன்சூரன்ஸ் கண்டிப்பா இருக்கும். பேரையும் நம்பரையும் வாங்கிக்குங்க" என்றார்.

அதையே அந்த அதிகாரியிடம் ஆங்கிலத்திலும் சொன்னார். அவர் மறுக்கவில்லை. இறங்கி வந்து விலாசச் சீட்டைக் கொடுத்தார்.

ஆறு வருடமாக போலீஸ் நிலைய வாசலில் நிற்கிற எனக்கே இந்த விஷயம் தெரியாது. மாணவியை மடக்கிப் பிடித்தேன்.

"நீங்க லா காலேஜா?"

"இல்லீங்க சார். பி.ஏ. பொலிட்டிகல் சயன்ஸ். ரெண்டாம் வருஷம்."

தூதரும் கான்சலும்

மாணவி சொன்னது சரிதானா என்று விசாரித்தேன். சரிதான்.

டெல்லியில் இருப்பது தூதரகம். அங்குள்ள தூதர்களுக்கு 1961-ம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி முழுப் பாதுகாப்பு. கைது செய்யக் கூடாது. கிரிமினல் வழக்கு நடத்த முடியாது. அவர்கள் காரில்தான் "சி.டி." இருக்கும்.

சென்னையில் இருப்பவை துணைத் தூதரகங்கள். இவர்களுக்கு 1963-ம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை. இதில் பாதுகாப்பு குறைவு. ஆபீஸ் வேலையாகச் செய்ததற்கு மட்டுமே விலக்கு. வாகன விபத்தில் அடுத்தவருக்கு நஷ்டம் ஏற்பட்டால், ஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பெரிய குற்றம் என்றால் நீதிமன்ற உத்தரவின் பேரில் கைதுகூட செய்யலாம்.

இந்த வித்தியாசம் நம் ஆட்களையும் சுட்டிருக்கிறது. 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியாவின் துணை கான்சல் ஜெனரலாக இருந்த பெண் அதிகாரி கைது செய்யப்பட்டார். வீட்டு வேலைக்காரப் பெண்ணின் விசா விஷயத்தில் புகார். "அவர் தூதர் இல்லை, கான்சல்தான்" என்றது அமெரிக்கா. இந்தியாவுக்குக் கோபம். டெல்லியில் அமெரிக்கத் தூதரக வாசலில் இருந்த தடுப்புகளை எடுத்து விட்டார்கள். பிறகு அந்த அதிகாரியை ஐ.நா. சபை அலுவலகத்துக்கு மாற்றி, முழுப் பாதுகாப்பு வாங்கி, 2014 ஜனவரியில் ஊருக்குக் கூட்டி வந்தார்கள்.

ஒரு எழுத்து வித்தியாசம். இரண்டு நாட்டுக்குச் சண்டை!

டீக்கடைக்காரர் கேட்ட கேள்வி

உடைந்த பெஞ்சை ஓரமாகத் தள்ளிவிட்டு டீக்கடைக்காரரும் பக்கத்தில் வந்தார். அவர் மனதில் வேறு ஒரு கணக்கு ஓடியது. அவருடைய மகள் பிளஸ்-2 முடித்திருக்கிறார். 600-க்கு 431. கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிற நேரம்.

"எம் பொண்ணும் இதே படிப்புதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குதும்மா. நான் பி.காம். படின்னு சொல்றேன். கணக்கு எழுதியாவது பிழைச்சுக்கலாம் இல்ல? அரசியல் படிச்சு கட்சியில சேரவா போவுது?"

மாணவி சிரித்து விட்டார். "எங்க வீட்டுலயும் இதைத்தாண்ணே கேட்டாங்க."

நான் நோட்டை எடுத்தேன்.

கேள்வி:- மூன்று வருடமும் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

பதில்:- முதல்ல அரசுன்னா என்ன, உரிமைன்னா என்னன்னு ஆரம்பிக்கும். பிளேட்டோ, அரிஸ்டாட்டில், மாக்கியவெல்லி எல்லாம் வருவாங்க. அப்புறம் நம்ம அரசியல் சட்டம். மற்ற நாட்டு ஆட்சி முறை. பொது நிர்வாகம். சர்வதேச உறவு. கூடவே தமிழும் இங்கிலீஷும் உண்டு.

கேள்வி:- எது கஷ்டம்?

பதில்:- இங்கிலீஷ் புத்தகம்தான் சார். முதல் செமஸ்டர்ல ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். அழுதிருக்கேன்.

கேள்வி:- எது பிடிக்கும்?

பதில்:- உடன்படிக்கை படிக்கிறது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சண்டை இருக்கும்.

உதாரணமும் சொன்னார். கச்சத்தீவு. 1974-ம் ஆண்டு ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு, இந்திய மீனவர்களும் பக்தர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், விசா வேண்டாம் என்கிறது. "வந்து போகலாம்" என்றால் மீன் பிடிக்கலாமா? வலை காயப் போட மட்டுமா? மேடையில் பேசுகிறவர் ஒரு பக்கம் பேசி விடலாம். வகுப்பில் முடியாது. 1976-ல் இரண்டு அரசும் எழுதிக் கொண்ட கடிதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று அதில் வருகிறது. இரண்டையும் வைத்து வகுப்பில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதம் நடந்ததாம். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லையாம்.

வாத்தியார் என்ன சொல்கிறார்?

அரசு கலைக் கல்லூரி ஒன்றின் பேராசிரியரைப் போய்ப் பார்த்தேன். பூசி மெழுகாமல் பேசினார்.

அவர் கூறியதாவது:-

"வேறு எதுவும் கிடைக்காமல் வந்து சேருகிற பையன்கள் இன்னமும் உண்டு. இந்தப் பட்டம் வாங்கினால் மறுநாள் வேலை என்று நான் சொல்ல மாட்டேன். சட்டம் படிக்கப் போகலாம். பத்திரிகைக்குப் போகலாம். எம்.ஏ. முடித்து, தகுதித் தேர்வு எழுதி ஆசிரியராகலாம். ஐ.ஏ.எஸ்., ஐ.எப்.எஸ். தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். ஆனால் மெயின் தேர்வில் 'அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும்' என்று ஒரு விருப்பப் பாடம் இருக்கிறது. இரண்டு தாள். 500 மார்க். எங்கள் பிள்ளைகளுக்கு அது பழகின பாடம். அதுக்காக எல்லோரும் கலெக்டர் ஆகி விட முடியாது. வருஷத்துக்கு சுமார் ஆயிரம் இடம். எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில்."

சர்வதேச உறவு மட்டும் தனியாக? "அதை இங்கே பெரும்பாலும் எம்.ஏ.வில்தான் தனியாக எடுப்பார்கள். பி.ஏ.வில் அது ஒரு பகுதி" என்றார்.

இந்தப் பாடத்துக்கு முதன் முதலில் தனித் துறை வந்த கதை கொஞ்சம் சோகமானது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் அபெரிஸ்ட்வித் என்று ஒரு கடற்கரை ஊர். முதல் உலகப் போரில் அந்த ஊர்க் கல்லூரி மாணவர்கள் பலர் செத்துப் போனார்கள். அவர்கள் நினைவாக டேவிட் டேவிஸ் என்ற பணக்காரரும் சகோதரிகளும் 20 ஆயிரம் பவுன் கொடுத்தார்கள். நாடுகள் ஏன் அடித்துக் கொள்கின்றன என்று படிக்க 1919-ல் துறை தொடங்கியது.

அதே போர்தான் சென்னையையும் தொட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து குண்டு போட்டது. எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. ஐகோர்ட்டு வளாகத்தில் அதற்குக் கல்வெட்டு உண்டு. தினமும் வக்கீல்களும் கட்சிக்காரர்களும் அதைத் தாண்டிப் போகிறார்கள். நம் ஆட்கள் கில்லாடியை "சரியான எம்டன்" என்கிறார்களே, அந்த எம்டன்தான்.

அங்கிருந்து கூப்பிடு தூரம் பர்மா பஜார். 1962-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கடைகளை அரசே எடுத்துக் கொண்டது. தலைமுறை தலைமுறையாக அங்கிருந்த தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். பஜாரும் அத்தோ கடையும் அப்படி வந்தவை. ரங்கூனில் போட்ட ஒரு உத்தரவு, பீச் ஸ்டேஷன் எதிரே சாப்பாட்டுத் தட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது!

பீஸ் கட்ட முடியாத பையன்

பேராசிரியர் ஒரு பெயரைச் சொன்னார். கே.ஆர்.நாராயணன்.

கேரளாவில் உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தவர். பீஸ் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர். கொஞ்ச காலம் "இந்து" பத்திரிகையில் நிருபர் (நம்ம ஜாதி!). டாட்டா உதவித் தொகையில் லண்டன் போனார். அங்கே ஹெரால்டு லாஸ்கியிடம் அரசியல் படித்தார். 1949-ல் வெளிநாட்டுப் பணி. முதலில் அனுப்பியது ரங்கூனுக்கு. பிறகு சீனாவில் தூதர், அமெரிக்காவில் தூதர். 1997-ல் ஜனாதிபதி.

இதை டீக்கடைக்காரரிடம் சொன்னேன். டீயை ஆற்றிக் கொண்டே கேட்டார்.

"அது சரி தம்பி. அந்த மாதிரி ஆகாதவங்க எத்தனை பேரு?"

என்னிடம் பதில் இல்லை. அந்த மாணவி மட்டும் மறுநாளும் பஸ்சுக்கு வந்தபோது, டீக்கடைக்காரர் மகளுக்கென்று முதல் வருடப் புத்தகம் இரண்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெஞ்சுக்கும் பாட்டிலுக்கும் சேர்த்து 4 ஆயிரம் ரூபாய் நேற்று வந்து சேர்ந்தது. வழக்குக்கு அவசியம் இல்லாமல் போயிற்று.

மகளின் விண்ணப்பத்தில் இப்போது முதல் விருப்பம் பி.காம். இரண்டாவது அரசியல் அறிவியல். வரிசையை மாற்றச் சொல்லி வீட்டில் பேச்சு நடக்கிறது. மகளும் அம்மாவும் ஒரு கட்சி. அப்பா தனிக் கட்சி. கடைசித் தேதிக்கு இன்னும் 3 நாள் இருக்கிறது.