எழுவாய் ஒளிந்திருக்கும் விகுதி

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஒருவர் கைபேசியில் 'வருகிறேன்' என்றால், வருவது யார் என்று மறுமுனையில் இருப்பவர் கேட்பதில்லை. 'ஏன்' விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஸ்பானிய மொழியின் நிகழ்கால வினையும் இப்படித்தான் இயங்குகிறது. நம்மவர்கள் அதைப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகப் படிப்பதால்தான் அதன் ஆறு வடிவங்களும் பயமுறுத்தும் பட்டியலாகத் தெரிகின்றன. ஆங்கிலத்தில் வினை கிட்டத்தட்ட மொட்டை. எழுவாயைச் சொல்லியே தீரவேண்டும். தமிழ் வழியே போனால் பாதை குறுக்கு. நீந்துவதற்கு ஸ்பானியத்தில் 'நதார்'. கடைசியில் உள்ள 'ஆர்' நீங்கினால் பகுதி கிடைக்கும். அதோடு விகுதி சேர்ந்தால் நாதோ (நீந்துகிறேன்), நாதாஸ் (நீந்துகிறாய்), நாதா (அவன், அவள், அது எல்லாவற்றுக்கும்), நதாமோஸ் (நீந்துகிறோம்), நதாயிஸ் (நீந்துகிறீர்கள்), நாதான் (அவர்களுக்கும் அவைகளுக்கும்). ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் என்ற பிரிவு வினையில் கிடையாது; அந்த வகையில் தமிழைவிட எளிது.

'ஏர்', 'ஈர்' என முடியும் வினைகளும் இருக்கின்றனவே, மூன்று வாய்பாடுகளை யார் சுமப்பது என்று கேட்கலாம். சுமை சொற்பம். உண்பதற்கான 'கொமேர்' கோமோ, கோமேஸ், கோமே, கொமேமோஸ், கொமேயிஸ், கோமேன் என்று போகும். வாழ்வதற்கான 'பிவீர்' அதையே பின்பற்றி, பிவீமோஸ், பிவீஸ் என்ற இரண்டு இடங்களில் மட்டும் விலகும். லத்தீன் அமெரிக்காவில் 'நீங்கள்' என்பதற்குப் படர்க்கைப் பன்மை வடிவமே வழங்குவதால் அங்கே விலகல் ஒன்றுதான். நாமும் 'நீந்துகிறேன்', 'மிதக்கிறேன்' என்று இடைநிலையை மாற்றிக்கொண்டேதான் பேசுகிறோம். இறந்தகாலத்தில் நீந்தினேன், மிதந்தேன், உண்டேன் என்று அது இன்னும் சிதறுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் இருந்துகொண்டு போர்த்துக்கீசியத்தில் தமிழ் இலக்கணம் எழுதிய என்றிக்கே என்றீக்கஸ் அடிகளார், இந்தச் சிதறலை வகுப்புகளாகப் பிரித்து அடக்க வேண்டியிருந்தது. ஐபீரியர் (ஸ்பானியரும் போர்த்துக்கீசியரும்) நம்மிடம் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் நாம் அவர்களிடம் படுவது குறைவே. (பறப்பதற்கான 'பொலார்' மட்டும் பறவைகளைப் பற்றி எழுத வருபவரை ஏமாற்றும்: 'புவேலா' என்று பகுதியே திரிந்துவிடும் ஒழுங்கற்ற வினை அது.)

அப்படியானால் தமிழருக்குத் தடுமாற்றமே இல்லையா? இரண்டு இடங்களில் உண்டு, இரண்டுமே நம் பேச்சிலிருந்து வருபவை. செங்கல்பட்டுப் பக்கம் 'பறவைங்க வருது' என்பார்கள். எழுத்தில் மட்டுமே 'வருகின்றன'. இந்தப் பழக்கத்தோடு பறவைகளுக்கு 'யேகா' (வந்துசேர்கிறது) என்று சொன்னால் பிழை. ஒரு நத்தைகுத்தி நாரை என்றால் 'யேகா', கூட்டமாக வந்தால் 'யேகான்'; அந்த 'ன்' ஒலியை விட முடியாது. இதைவிட ஆழமான சிக்கல் காலத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் நடப்பதைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தையே எடுக்கிறோம்: மழைக்குப் பின் ஏரி நிறையும், கூழைக்கடா வரும், மரத்தில் கூடு கட்டும். ஸ்பானியத்தில் இந்த வழக்கமெல்லாம் நிகழ்காலத்துக்கு உரியது. இந்த நொடியில் நாரை மீன் தின்பதற்கும் காலங்காலமாக அது மீன் தின்பதற்கும் 'கோமே' ஒன்றே போதும். ஆகவே 'வரும்' என்ற சொல்லைக் கண்டதும் எதிர்கால வாய்பாட்டைத் தேடுபவர், அது இனிமேல் நடக்கப்போவதா, எப்போதும் நடப்பதா என்று முதலில் பிரித்துப் பார்க்கவேண்டும். விகுதிகளை ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். இந்தப் பிரிவு கைவரத்தான் பயிற்சி வேண்டும்.