எலுமிச்சை மணக்கும் கிரீன் டீ: ருசியும் நேரமும்

காலையில் காப்பி, நாலு மணிக்கு டீ, நடுவில் விருந்தாளி வந்தால் இன்னொரு டீ என்று மதுரை வீடுகளில் பால் பாத்திரம் அடுப்பை விட்டு இறங்குவதே அபூர்வம். அப்படிப்பட்ட ஊரிலும் இப்போது பல வீட்டு அலமாரிகளில் காப்பிப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பாக்கெட் உட்கார்ந்திருக்கிறது. 'லெமன் கிரீன் டீ' என்று போட்டிருக்கும். "உடம்பு இளைக்குமாமே!", "ரத்தத்தைச் சுத்தம் பண்ணுமாமே!" என்று ஆசையோடு வாங்குகிறார்கள். இரண்டு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறார்கள். மூன்றாம் நாள் பாக்கெட் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. இன்னும் சிலரோ இட்லிக்குப் பதிலாக இதையே குடித்துவிட்டு அடுப்படியில் நிற்கிறார்கள்.

ருசியாகப் போடத் தெரியாதவர்களுக்கும், எந்த நேரத்தில் குடிப்பது என்று தெரியாதவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரண்டாவது விஷயம் முக்கியமானது. குறிப்பாக, கைக்குழந்தைக்காரிகள் கடைசி வரை படிக்க வேண்டும்.

இலை ஒன்றுதான்

கிரீன் டீ ஏதோ தனிச் செடியிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். நாம் பாலில் போட்டுக் கொதிக்க விடும் டீத்தூளும் இதுவும் ஒரே தேயிலைச் செடிதான். பறித்த இலையை வாடவிட்டு, கசக்கி, காற்றுப் பட வைத்தால் கறுத்துவிடும். அது நாம் பழகிய டீ. பறித்த கையோடு ஆவியிலோ சூடான சட்டியிலோ காட்டிவிட்டால் இலை கறுக்காமல் நின்றுவிடும். அது கிரீன் டீ. நறுக்கிய வாழைக்காய் காற்றில் கறுக்கிறது, வெந்நீரில் போட்டு எடுத்தால் கறுப்பதில்லை அல்லவா? அதே கதைதான்.

தேயிலைக்கு நமக்கு நீலகிரி இருக்கிறது. இன்னும் பக்கத்தில், சின்னமனூருக்கு மேலே மேகமலையிலும் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. எலுமிச்சைக்குப் புளியங்குடி பேர் பெற்ற ஊர். ஆகவே இது ஒன்றும் நமக்கு எட்டாத சரக்கு அல்ல.

கசப்பு எங்கிருந்து வருகிறது?

"கஷாயம் மாதிரி இருக்கு மதினி, எப்படித்தான் குடிக்கிறாங்களோ!" என்று முகம் சுளித்தவரிடம், எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். "நல்லா தளதளன்னு கொதிக்க விட்டேன்" என்றார். கசப்பு அங்கேதான் பிறக்கிறது. டீத்தூளைக் கொதிக்க விடுகிற பழக்கத்தில் இதையும் கொதிக்க விட்டால் துவர்ப்பும் கசப்பும் முழுக்க இறங்கிவிடும்.

தண்ணீரின் சூடு 80 டிகிரி போதும். வெப்பமானி வேண்டாம். ஒரு டம்ளரில் கால் பங்கு, காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை ஊற்றிக்கொள்ளுங்கள். மீதி முக்கால் பங்குக்குக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். ஏறக்குறைய 80 டிகிரி வந்துவிடும். அதில் ஒரு சிறிய ஸ்பூன் இலை, சுமார் 2 கிராம் போட்டு மூடி, 2 அல்லது 3 நிமிடத்தில் வடிகட்டிவிட வேண்டும். இலையை உள்ளேயே ஊறவிட்டுவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டப் போனால், திரும்பி வரும்போது கஷாயம்தான் இருக்கும்.

இன்னொரு சங்கதி, தண்ணீர். மதுரையில் குழாயில் வைகை அணைத் தண்ணீர் வரும் நாள் உண்டு. வராத நாளில் போர் தண்ணீர், இல்லாவிட்டால் கேன் தண்ணீர். ஒரே இலையை மூன்றிலும் போட்டுப் பார்த்தேன். போர் தண்ணீரில் டீ மங்கிக் கறுத்து, மேலே ஓர் ஆடை படர்ந்தது. ருசியும் சப்பென்று இருந்தது. வைகைத் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் தெளிவாக, இளமஞ்சளாக இருந்தது. பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் விடுகிற உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்துதான் இந்த ஆடைக்குக் காரணம். அதில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் நிறம் தெளிந்தது. ஆனாலும் ருசி முழுக்கத் திரும்பவில்லை. கிரீன் டீக்காவது நல்ல தண்ணீராக எடுத்து வையுங்கள்.

மூன்று கலவைகள்

கடைப் பாக்கெட்டில் 'லெமன்' என்று இருந்தாலும் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் வாசனைப் பொருள்தான் சேர்த்திருக்கும். வெறும் கிரீன் டீ வாங்கி, மணத்தை வீட்டிலேயே சேர்த்துக் கொள்வது நல்லது. வெளிநாட்டுக் குறிப்புகளில் சொல்லும் லெமன், தோல் தடித்த வேறு பழம். நம் எலுமிச்சைக்குத் தோல் மெல்லியது, புளிப்பும் அதிகம். அதனால் அவர்கள் அளவு நமக்கு ஒத்து வராது.

மணம் தோலின் மேல்புறத்து எண்ணெயில் இருக்கிறது. புளிப்பு சாற்றில். கசப்போ உள்பக்கத்து வெள்ளைச் சதையில். இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

1. எலுமிச்சைத் தோல் டீ: பழத்தை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைக்கவும். வெள்ளைச் சதை வராமல் மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி, நிழலில் மொறமொறவென்று உலர்த்தவும். நம் ஊர் வெயிலில் போட்டால் மணம் ஓடிவிடும். 5 ஸ்பூன் இலைக்கு 1 ஸ்பூன் தோல் கலந்து, ஈரமில்லாத டப்பாவில் மூடி வைக்கலாம். டீயை வடிகட்டிய பிறகு, குடிக்கிற சூட்டுக்கு வந்ததும் அரை ஸ்பூன் சாறு விடவும். முதலிலேயே கொதிநீரில் பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும்.

2. கமலா ஆரஞ்சு டீ: கமலாப் பழத்தின் உலர்ந்த தோலைப் பொடியாகக் கிள்ளி, அதே அளவில் கலக்கவும். ஒரு ஏலக்காயைத் தட்டிச் சேர்த்தால் புளிப்பு வேண்டாம் என்பவர்களுக்கும் பிடிக்கும். இனிப்பான மணம் வருவதால் சர்க்கரை தேடாது.

3. நாரத்தை இலை டீ: இது நம் வீட்டுச் சரக்கு. வேப்பிலைக்கட்டி இடிப்பதற்கு நாரத்தை இலையை நடுநரம்பு நீக்கிச் சேர்ப்போமே, அதே மாதிரி ஓர் இளம் இலையை நரம்பெடுத்துக் கசக்கி, தேயிலையோடு போடவும். ஓர் ஆளுக்கு அரை இலை போதும். அதிகமானால் கசக்கும்.

சித்திரை வெயிலில் சூடாகக் குடிக்க முடியாதவர்கள், காய்ச்சி ஆறிய இரண்டு டம்ளர் தண்ணீரில் ஒன்றரை ஸ்பூன் கலவையைப் போட்டு மூடி, பிரிட்ஜில் 4 மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். குளிர்ந்த நீரில் துவர்ப்பு மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் கசப்பே தெரியாது. அன்றைக்கே குடித்துவிட வேண்டும்.

ருசி பார்ப்பது எப்படி?

டீ கம்பெனிகளில் ருசி பார்ப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. அதற்கு 1980-ல் ஒரு சர்வதேச முறையே வகுத்தார்கள்: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். குற்றங்குறை எல்லாம் வெளியே வரட்டும் என்றுதான் இவ்வளவு கடுமை. குடிப்பதற்கு அது உதவாது. ஆனால் ஒன்றை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்: எல்லாக் கோப்பைக்கும் ஒரே அளவு, ஒரே நேரம்.

எங்கள் தெருவில் ஐந்து பேர் ஒரு மத்தியானம் கூடி, மூன்று கலவையையும் பெயர் சொல்லாமல் வைத்துப் பார்த்தோம். முதலில் மோந்து பார்ப்பது, பிறகு சத்தம் வர உறிஞ்சுவது, நடுவில் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிப்பது. உறிஞ்சினால் காற்றோடு கலந்து மணம் மூக்குக்கு ஏறும். "என் மாமியார் பாத்தா, பொம்பளப் புள்ள இப்படியா உறிஞ்சும்பாங்க" என்று ஒருவர் சொல்ல, ஒரே சிரிப்பு. மூன்று பேர் நாரத்தை இலைக்கு ஓட்டுப் போட்டார்கள். எலுமிச்சைக்கும் கமலாவுக்கும் ஆளுக்கு ஒன்று.

ரத்தமும் டீயும்

அந்தக் கூட்டத்தில் குழந்தை பெற்று ஐந்து மாதமான ஒரு பெண்ணும் இருந்தாள். "நான் தினம் காலைல இதத்தான்க்கா குடிக்கிறேன். பலகாரம் சாப்பிடறதில்ல. உடம்பு குறையணும்ல? சத்து மாத்திரையையும் இதுலயே போட்டு முழுங்கிருவேன். எலுமிச்சை இருக்கறதால நல்லதுன்னாங்க" என்றாள். ரத்தம் பார்த்தாயா என்றேன். ஹீமோகுளோபின் 9 என்று நர்ஸம்மா சொன்னார்களாம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும்.

அவள் ஒருத்தி கதை மட்டுமல்ல இது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதாவது பாதிக்கு மேல்.

டீயின் துவர்ப்புப் பொருள்கள், சோறு, பருப்பு, கீரையில் உள்ள இரும்புச் சத்தோடு வயிற்றில் சேர்ந்து கட்டிக்கொள்கின்றன. கட்டுண்ட இரும்பு உடம்பில் ஏறாமல் வெளியே போய்விடுகிறது. 1975-ல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் சோறு கொண்ட உணவோடு டீ கொடுத்துப் பார்த்தார்கள். இரும்பு ஏறுவது குறைந்தது. இரும்பு மருந்துக் கரைசலோடு கொடுத்தபோதும் அப்படியே. வைட்டமின் சி சேர்த்திருந்தபோதும் டீயின் தடை போகவில்லை. ஆகவே "எலுமிச்சைதான் பிழிந்திருக்கிறோமே" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

எலுமிச்சைக்கு வேறொரு நல்ல குணம் உண்டு. 2007-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில், செரிமானத்தைப் போலவே சோதனைச் சாலையில் அமைத்துப் பார்த்தபோது, எலுமிச்சைச் சாறு சேர்த்த கிரீன் டீயில் அதன் நல்ல பொருள்கள் சிதையாமல் அதிகம் மிஞ்சின. மனித உடம்பில் செய்த சோதனையல்ல அது. இருந்தாலும் ருசிக்காகப் பிழிவதில் லாபம்தான்.

அப்படியானால் டீயை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். 2017-ல் இங்கிலாந்தில் 12 பெண்களிடம் நடந்த ஆய்வில், உணவோடு குடித்த டீ இரும்பைத் தடுத்தது. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது அந்தத் தடை வெகுவாகக் குறைந்தது. அதனால் எலுமிச்சைக்குச் சாப்பாட்டுத் தட்டில் இடம் கொடுங்கள். முருங்கைக்கீரைப் பொரியலிலும் பருப்பிலும் இறக்கிய பின் பிழியுங்கள், இரும்பு நன்றாக ஏறும். கிரீன் டீ ஒரு மணி நேரம் தள்ளி வரட்டும். காலைப் பலகாரம் எட்டரைக்கு என்றால் டீ பத்து மணிக்கு. மத்தியானச் சாப்பாடு ஒன்றரைக்கு என்றால் டீ நாலு மணிக்கு.

இரும்பு மாத்திரையைத் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ விழுங்குங்கள். டீ, காப்பி, பால் கூடாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதோடு சேர்க்காமல் வேறு வேளைக்கு வையுங்கள். கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் என்று அரசு கொடுக்கும் மாத்திரை இது. வீணாக்கலாமா?

அந்தப் பெண் இப்போது காலையில் இட்லி சாப்பிடுகிறாள். மாத்திரை தண்ணீரோடு, டீ நாலு மணிக்கு. மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 10.8. மாத்திரை, சாப்பாடு, நேரம் மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது.

இளைக்குமா?

இந்த ஆசைதான் பாக்கெட்டை விற்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வறிக்கை, கிரீன் டீயால் குறையும் எடை மிகச் சொற்பம், பொருட்படுத்தத் தக்கதல்ல என்று சொல்லிவிட்டது. ரத்தத்தைச் சுத்தம் செய்யக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. கிரீன் டீச் சத்து என்று விற்கும் மாத்திரைகள் பக்கமே போகாதீர்கள். அதிக அளவில் அவை கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் எச்சரித்திருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

கர்ப்பிணிகள் டீ, காப்பி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காபீனுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரு கோப்பை கிரீன் டீயில் சுமார் 30 மில்லிகிராம் இருக்கும். பாலூட்டும் தாய்க்கு ஒன்றிரண்டு கோப்பை போதும்.

கைக்குழந்தைக்கு எந்த டீயும் கூடாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனும் கூடாது.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை வெறும் தண்ணீரில் விழுங்கி, டீக்கு இடைவெளி விட வேண்டும்.

எலுமிச்சை கலந்ததை நாள் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பிக்கொண்டே இருந்தால் பல்லின் மேல்பூச்சு கரையும். ஒரே அமர்வில் குடித்து, வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம்.

எப்போதும் அசதி, படியேறினால் மூச்சு வாங்குவது, கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருப்பது ஆகியவை இருந்தால் டீயை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்காமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகிற அன்றைக்கே உங்கள் ரத்தத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.