வெள்ளணு சொல்லும் ஆரூடம்

"பிழைச்சிடுவாரா சிஸ்டர்?" விபத்தில் அடிபட்டவரின் உறவினர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நாடி, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு, இவற்றை வைத்தே நாங்கள் கணிக்கிறோம்.

அமெரிக்காவில் பலத்த அடிபட்ட 167 பேரின் ரத்த வெள்ளணுக்களை 28 நாள் வரை ஆராய்ந்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். மரபணுக்களில் 80 சதவீதத்துக்கும் மேல் செயல்பாடு மாறியிருந்தது. 'மரபணுப் புயல்' என்றே பெயரிட்டார்கள், கொஞ்சம் சினிமாத்தனம்தான். எனக்கு வியப்பு வேறு: சீக்கிரம் தேறியவருக்கும் உறுப்புகள் செயலிழந்தவருக்கும் மாறிய மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றே. மாற்றத்தின் வீச்சும், அது அடங்க எடுத்த நாட்களுமே வேறு. பிறகு 63 மரபணுக்களை மட்டும் அளந்தே சிக்கலை முன்கூட்டிக் கணிக்க முயன்றார்கள்.

எங்கள் வார்டுக்கு இந்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. அது வந்தாலும் வராவிட்டாலும், அடிபட்டவரைத் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புங்கள்.