திரை இருண்டதும் பவர் பொத்தானைத் தொடாதீங்க

நாளைக்குக் கொடுக்க வேண்டிய சோதனைத்தாளை வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறீர்கள், ஆசிரியர்களே. திடீரென்று திரை முழுக்க இருட்டு. கை எங்கே போகும்? பவர் பொத்தானுக்குத்தான். அங்கேதான் தப்பு பண்றோம்! அழுத்திப் பிடித்தால் சேமிக்காத கேள்விகள் அத்தனையும் போயிடும்.

முதலில் விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் சிறுவிளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காட்சி மட்டும் வரவில்லை. திரை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்துங்கள். கோப்புக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தால் பெரும்பாலும் சேமித்துவிடும். (இனிமேல் முதல் வரி அடிக்கும்போதே பெயர் கொடுத்துடுங்க.)

பிறகு விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது திரைக்கான மென்பொருளை மட்டும் மறுபடி தொடங்கும். ஒரு பீப் சத்தத்தோடு படம் திரும்பி வரலாம்.

வரலையா? திரையின் விளக்கு அணைந்திருந்தால் மின்சார வயரைப் பாருங்கள். எரிந்தால் கணினியிலிருந்து வரும் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி மாட்டுங்கள். அப்புறம் கைப்பேசி டார்ச்சைத் திரையில் சாய்வாக அடியுங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் கெட்டது பின்னொளி. எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகி வேலையை முடிக்கலாம்.

கேப்ஸ் லாக் விளக்கு அசையவே இல்லை என்றால்தான் பவர் பொத்தான். வேர்டு வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எடுத்து வைக்கும். மறுபடி திறந்ததும் இடப்பக்கம் தேடிப் பாருங்க.