தள்ளிப்போன ஒபரேஷன்

"சீனி கூடிருச்சாம். ஒபரேஷன் பண்ண மாட்டாங்களாம்."

பதுளை பஸ் நிலையத்தில் மடுல்சீமை பஸ்ஸுக்கோ லுணுகலை பஸ்ஸுக்கோ நிற்பவர்களிடம் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். உடுப்புப் பையும் பிளாஸ்க்குமாக வாட்டில் படுத்திருந்துவிட்டு, கத்தி படாமலே திரும்புகிறவர்கள். கூட வந்த மகளுக்கும் அத்தனை நாள் பேர் போச்சு. தோட்டத்துக்குப் போனதும் லயத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். "நம்மள மாதிரி ஆளுகள அப்படித்தான் அலைய விடுவாங்க." "சீனி இருக்கிற ஒடம்ப வெட்டவே கூடாது." அத்தோடு கிளினிக் பக்கமே போகாமல் விட்டவர்கள் உண்டு. ஹேர்னியாவோ பித்தப்பைக் கல்லோ உள்ளேயே முற்றி, ஏதோ ஓர் இரவில் 1990க்கு அழைத்த அம்புலன்ஸில் வந்து இறங்கும்போது, அதே உடம்பை இன்னும் மோசமான நிலையில் அவசரமாக வெட்ட வேண்டி வருகிறது.

தேதி தள்ளிப்போனால் ஆஸ்பத்திரி கைவிட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஏன் தள்ளினார்கள் என்பதை யாராவது ஆற அமர உட்கார்ந்து சொல்லியிருந்தால் பல பேர் திரும்பிப் போயிருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. தேத்தண்ணி ஊற்றிக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

சீனி இருக்கிற உடம்பை வெட்டவே கூடாது என்று பாட்டிமார் சொன்னதில் ஒரு காலத்தில் உண்மை இருந்தது. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதற்கு இரண்டே வருஷத்துக்கு முன்னால், 1922 ஜனவரியில்தான், டொரண்டோவில் முதன்முதலாக ஒரு பையனுக்கு இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முந்தி சீனி வருத்தக்காரரை வெட்டினால் புண் ஆறாமல், விஷம் ஏறி, பிழைப்பது அரிது. அந்தப் பயம் தலைமுறை தாண்டி நம்மிடம் வந்திருக்கிறது. மருந்து வந்த செய்திதான் அதே வேகத்தில் வரவில்லை.

உடம்புக்கு ஒபரேஷனும் ஒரு காயம்தான். மயக்கத்தில் நமக்கு வலி தெரியாவிட்டாலும் உடம்புக்குத் தெரிகிறது. அது அட்ரினலின், கோர்ட்டிசோல் என்ற சுரப்புகளை இரத்தத்தில் கொட்டுகிறது. அவை ஈரலில் சேர்ந்திருக்கும் சீனியை வெளியே தள்ளும், இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். சீனி வருத்தமே இல்லாத ஆளுக்குக்கூட அன்றைக்குச் சீனி ஏறும். ஏற்கெனவே கூடியிருப்பவருக்கு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். சீனி மிகுந்த இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சோர்ந்துபோய் கிருமியை விரட்டாது. தையல் போட்ட இடம் சீழ் பிடிக்கும். அதனால்தான் ஒபரேஷன் நேரத்தில் சீனியை ஏறக்குறைய 108க்கும் 180க்கும் இடையில் வைத்திருக்கப் பார்க்கிறார்கள்.

"காலையில விரல்ல குத்திப் பாத்தாங்க, 140தான் இருந்துச்சு. அப்புறமும் தள்ளிட்டாங்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. விரலில் குத்திப் பார்ப்பது ஒரு நாள் காலைப் பிரட்டு; எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனைதான் மூன்று மாதத்துச் செக்ரோல். இரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் அதன்மேல் எவ்வளவு சீனி படிந்தது என்பதை அந்தப் பரிசோதனை காட்டிவிடும். கிளினிக்குக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைத்தால் விரல் கணக்கு இறங்கும், இது இறங்காது. அவசரமில்லாத ஒபரேஷனுக்கு இந்த எண் 8.5 வீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது என்று பிரித்தானிய மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. கண்ணில் வெள்ளை எடுப்பது போன்ற சின்ன ஒபரேஷன்களுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. கண்ணை மட்டும் மரக்கச் செய்து, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மலையகப் பெண்களுக்கு இதில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. இரும்புச் சத்துக் குறைந்த இரத்தச்சோகை இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடிக் காட்டலாம். இரத்தம் குறைவாக இருப்பது ஒபரேஷனுக்கே ஆபத்து. ஆகவே இரும்புக் குளிசையும் சேர்த்துத் தருவார்கள். நாம் என்ன செய்கிறோம்? ரொட்டியைத் தின்றுவிட்டு, குளிசையை வாயில் போட்டு, சூடான பிளேன்டீயோடு விழுங்குகிறோம். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அதில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியே போய்விடும். சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் முன்னே பின்னே ஒன்றிரண்டு மணித்தியாலம் தேத்தண்ணியைத் தள்ளிவையுங்கள். தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு விழுங்கினால் இன்னும் நல்லது. உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கிற கைகளுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்தது குளிசைப் பை. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் தன் மருந்தையெல்லாம் என் முன்னால் மேசையில் கொட்டிக் காட்டினார். ஆஸ்பத்திரிக் காகித உறைகள் கிழிந்துபோனதால் எல்லாவற்றையும் ஒரே மாஜரின் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். பாதிக்கு மேல் வெள்ளை வட்டக் குளிசை. தோட்டத்து டிஸ்பென்சரியில் தந்தது, பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் தந்தது, மூட்டு வலிக்கு டவுன் பாமசியில் வாங்கியது என்று மூன்று இடத்து மருந்து. அந்த மூன்று இடமும் ஒன்றையொன்று அறியாது. எது எதுக்கு என்று கேட்டதற்கு, "காலைல ரெண்டு, ராவைக்கு ரெண்டுங்க" என்றார்.

மயக்க மருந்து கொடுக்கும் டொக்டருக்கு இந்த டப்பா மிக முக்கியம். மெட்போமினை அன்று காலை நிறுத்தச் சொல்வது வழக்கம். கிளிக்லசைட்டைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு படுத்தால் சீனி அடிமட்டத்துக்கு இறங்கி, வியர்த்து நடுங்கி, நினைவு தப்பலாம். எம்பாகிளிபுளோசின் போன்ற புதிய குளிசைகளை மூன்று நாளைக்கு முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் சீனி சரியாக இருப்பதுபோல் தெரியும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். பிரஷர் குளிசைகளில் சிலவற்றை அன்று காலையிலும் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்க வேண்டும், லொசார்டன் போன்ற சிலவற்றை நிறுத்தச் சொல்வார்கள். வலிக்கென்று பல மாதம் பிரெட்னிசொலோன் போட்டவர் அதைத் திடீரென்று விட்டால் ஒபரேஷன் மேசையிலேயே பிரஷர் விழலாம். இன்சுலின் போடுகிறவர், "சாப்பிடலையே, ஊசி எதுக்கு?" என்று தானாக விடக் கூடாது, எவ்வளவு குறைப்பது என்று வாட்டில் சொல்வார்கள். இதில் எதையும் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் உறையோடு, கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்தால் போதும்.

வெற்றிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியற்காலைக் குளிருக்கும் மலையேறும் களைப்புக்கும் அது துணை என்று எனக்குத் தெரியும். ஆனால் வருஷக்கணக்காகப் பாக்கு மென்ற வாயில் கன்னத்துத் தசை இறுகி, வாய் சிறுத்துப்போகிறது. உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முன்பற்களுக்கு நடுவே நிறுத்திப் பாருங்கள். நுழையவில்லை என்றால் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். முழு மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக் குழாயைப் பெரும்பாலும் அந்த வாய் வழியாகத்தான் இறக்குவார்கள். இறங்காவிட்டால் அங்கே ஒவ்வொரு நொடியும் உயிருக்கு ஆபத்து. வாய்க்குள் வெள்ளைத் தழும்போ ஆறாத புண்ணோ இருந்தால் அதையும் காட்டுங்கள். அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம்.

முதல் நாள் ராத்திரி "ஒன்றும் சாப்பிட வேண்டாம்" என்பார்கள். சோறு, ரொட்டி, பால் எல்லாம் வயிற்றைவிட்டு இறங்க ஆறு மணித்தியாலமாவது வேண்டும். பால் தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். தண்ணீரும் பால் கலக்காத பிளேன்டீயும் சீக்கிரம் இறங்கிவிடும். இன்றைய மருத்துவ வழிகாட்டிகள் அவற்றை இரண்டு மணித்தியாலத்துக்கு முன்வரைக்கும் அனுமதிக்கின்றன. உங்கள் வாட்டில் என்ன சொல்கிறார்களோ அதையே கேட்டு நடங்கள். ஆனால் "யாருக்கும் தெரியாம ஒரு வாய்" பால் தேத்தண்ணி மட்டும் வேண்டாம். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம்.

கேட்டு நடங்கள் என்று எழுதிவிட்டேன். எந்த மொழியில் கேட்பது? கொப்பியில் ஆங்கிலம், வாட்டில் சிங்களம். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியானது. சம்மதக் கடிதத்தில் கையெழுத்தோ பெருவிரலோ வைக்கும் முன், "தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. தமிழ் தெரிந்த நேர்ஸ் இருந்தால் கூப்பிடச் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டில்காரர் பாதி விளங்கிச் சொல்வதை நம்பி, எந்தக் குளிசையை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

தையல் போட்டபின் வருவதுதான் உண்மையில் கஷ்டமான பகுதி. வயிற்றில் பெரிய வெட்டு என்றால் ஆறு கிழமை பாரம் தூக்கக் கூடாது. எங்கள் லயத்தில் பாரம் என்றால் என்னவென்று டவுனில் இருப்பவர்களுக்கு விளங்காது. பீலியிலிருந்து தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, நனைந்த கொழுந்து நிறைந்த கூடை, மழையில் சறுக்கும் படிக்கட்டு. வேலைக்குப் போனால்தான் பேர். மூன்றாம் கிழமையே படங்கைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு கிழமை ஓய்வு எழுதிக் கொடுக்கும் முறை இருக்கிறது. அந்த ஆறு கிழமைச் சம்பளத்துக்கு வழி செய்ய வேண்டியது நிர்வாகமும் தொழிற்சங்கங்களும். சம்பளப் பேச்சுவார்த்தையில் நாட்சம்பளத்தோடு இதையும் மேசையில் வைக்க வேண்டும்.

அதுவரைக்கும் வீட்டார் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. தண்ணீரையும் விறகையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இன்சுலின் தந்து அனுப்பியிருந்தால், பிரிட்ஜ் இல்லையென்று பயப்பட வேண்டாம்; திறந்து பாவிக்கும் குப்பி அப்புத்தளைக் குளிரில் சாதாரணமாகவே ஒரு மாதம் தாங்கும். அடுப்புப் பக்கமும் தகரக் கூரைக்குக் கீழேயும் மட்டும் வைக்காதீர்கள். சீனி நாட்பட்டவருக்குப் பாதம் மரத்துப்போயிருக்கலாம். முள் குத்தினாலும் அட்டை கடித்தாலும் தெரியாது. உள்ளங்காலையும் விரலிடுக்கையும் தினமும் ஒரு பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தையல் போட்ட இடம் சிவந்து சூடேறினால், நாற்றம் அடித்தால், காய்ச்சல் வந்தால் தோட்டத்து டிஸ்பென்சரியில் அன்றைக்கே காட்டுங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

டிக்கட் வெட்டும்போது தரும் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். வாட்டில் மாற்றிய மருந்தளவு அதில்தான் இருக்கும். தையல் வெட்டப் போகும் அன்றைக்கே சீனிக் கிளினிக்கிலும் அதைக் காட்டி, பழைய குளிசைகளில் எதைத் தொடர்வது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு உறையின்மேல் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.